மட்டக்களப்பில் இருந்தபடி அகிலத்தைச் சோதித்தல்: கருஞ்சக்தி, கரும்பொருள், ஈர்ப்பு பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையும், பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் வரையும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படித்த பிள்ளைகளுக்கு நீண்ட இடைவெளி ஒன்று கிடைக்கிறது. அந்தக் காலத்தில், ஒரு சாதாரண மடிக்கணினியையும் சிறிதளவு இணையத் தரவையும் வைத்துக்கொண்டு, அகிலம் ஆர்முடுகி விரிகிறதா, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவிலும் செல்லுபடியாகிறதா ஆகிய கேள்விகளை அவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அதே தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேவையான கணிதத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே படித்ததுதான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் முதலாம் ஆண்டில் இருப்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

முதற்படி: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கருஞ்சக்தி, கரும்பொருள், ஈர்ப்பு ஆகிய மூன்றும் எப்போதும் சேர்த்துப் பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கலக்சியின் வெளிவிளிம்பில் உள்ள விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றினால், ஒன்றில் அங்கே கண்ணுக்குப் புலப்படாத திணிவு இருக்க வேண்டும், அல்லது ஈர்ப்பு விதி அங்கே வேறாக இருக்க வேண்டும். அகிலத்தின் விரிவு வேகமெடுத்தால், ஒன்றில் மறை அமுக்கம் கொண்ட ஏதோவொரு சக்தி வெளியெங்கும் நிறைந்திருக்க வேண்டும், அல்லது மிகப் பெரிய தூரங்களில் ஈர்ப்பு விதி மாற வேண்டும். நாம் அளப்பது இயக்கத்தை மட்டுமே. அதற்குக் காரணம் புதிய பொருளா, புதிய விதியா என்பதை எந்த ஒரு தனி அளவீடும் தீர்த்துவைக்காது.

ஆகவே மூன்று வேறு விடயங்களைத் தனித்தனியாக அளந்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அகிலம் எந்தக் காலத்தில் எந்த வீதத்தில் விரிந்தது என்பது ஒன்று. அந்த விரிவுக்குள் கலக்சிகளும் அவற்றின் கொத்துகளும் எவ்வளவு விரைவாகத் திரண்டன என்பது இரண்டாவது. அந்தத் திரள்களைக் கடந்து வரும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பது மூன்றாவது. பொதுச் சார்பியல் சரியெனில், முதலாவதை அறிந்த பிறகு மற்ற இரண்டும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்தத் துறையின் சோதனை முழுவதும் அந்த முன்கூட்டிய கணிப்பில்தான் தங்கியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் எண்களுக்குள் இறங்குவோர் பலர் விரைவில் சோர்ந்துவிடுகிறார்கள்.

வரலாற்றை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். கரும்பொருள் பற்றிய முதல் வலுவான ஐயத்தை 1933 இல் பிரிட்ஸ் சுவிக்கி கோமா கலக்சிக் கொத்தில் எழுப்பினார். 1970 இல் வேரா ரூபினும் கென்ட் போர்டும் அந்திரொமீடா கலக்சியின் சுழற்சியை அளந்தார்கள். விரிவு ஆர்முடுகுகிறது என்பதை 1998 இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. அதற்காக சோல் பெர்ல்மட்டர், பிரையன் சிமித், அடம் ரீஸ் ஆகியோருக்கு 2011 இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கணக்கின்படி அகிலத்தின் மொத்தச் சக்தியில் சாதாரணப் பொருள் ஏறத்தாழ 5 சதவீதம், கரும்பொருள் 27 சதவீதம், மீதி 68 சதவீதம் கருஞ்சக்தி.

இரண்டாம் படி: தேவையானவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தொலைகாட்டி தேவையில்லை. பைதன் மொழியும் அதன் நம்பை, சைபை, அஸ்ட்ரோபை என்ற மூன்று தொகுப்புகளும் போதும். கணினி பழையதாக இருந்தால் கூகுள் கோலாப் மூலம் உலாவியிலேயே வேலை செய்யலாம். ஆனால் அதற்கு இணைப்பு இடையறாமல் இருக்க வேண்டும் என்பதால், இயலுமானவர்கள் மென்பொருளையும் தரவுக் கோப்புகளையும் ஒருமுறை இறக்கிச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்வதே நல்லது. ஒரு பயிற்சிக் கொப்பியும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் அடுத்த படியைக் கணினி இல்லாமலே செய்யப் போகிறோம்.

தொலைகாட்டி வேண்டாம் என்றாலும் வானத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன். வடகீழ்ப் பருவமழை விலகிய பின், பெப்ரவரி இறுதியில் அல்லது மார்ச் தொடக்கத்தில், நிலவில்லாத ஒரு முன்னிரவில் வாகரை அல்லது பொத்துவில் பக்கத்து இருண்ட கரையொன்றில் நின்று தெற்கே நோக்கினால், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12, 13 பாகை உயரத்தில் மங்கிய முகில் துண்டு போன்ற ஒன்று தெரியும். அதுதான் பெரிய மகெலன் முகில், நமது பால்வீதியின் துணைக் கலக்சி. அதன் தூரம் ஏறத்தாழ 1 சதவீதத் துல்லியத்துடன் அறியப்பட்டிருக்கிறது; இன்னும் தொலைவிலுள்ள கலக்சிகளின் தூரத்தை அளக்கும் ஏணியின் கீழ்ப்படிகளில் அதுவும் ஒன்று. வடக்கே உயர்ந்த அகலாங்குகளில் இருப்போர் அதை ஒருபோதும் காண முடியாது, நமக்குக் கிடைக்கிறது.

மூன்றாம் படி: ஒரு சுப்பர்நோவாவின் தூரத்தைக் கையால் கணக்கிடுங்கள்

கல்லடிக் கடலில் இரவில் தொழிலுக்குப் போகும் தோணிகள் எல்லாவற்றிலும் ஒரே வலுவுள்ள விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொண்டால், எந்த விளக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டே அந்தத் தோணியின் தூரத்தைக் கணித்துவிடலாம். 1ஏ வகைச் சுப்பர்நோவாக்கள் இவ்வாறே பயன்படுகின்றன. வெண்குள்ளன் எனப்படும் செறிந்த விண்மீன் ஒன்று வெடிப்பதால் தோன்றும் இவற்றின் உச்ச ஒளிர்வு ஏறத்தாழ ஒரே அளவானது. மெதுவாக மங்குவன சற்றுக் கூடிய ஒளிர்வுள்ளவை என்பதை 1993 இல் மார்க் பிலிப்ஸ் காட்டிய பின், அந்தத் திருத்தத்தையும் சேர்த்து இவற்றை நம்பகமான அளவுகோலாக்கினார்கள்.

விரிவால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டும் செந்நகர்வு 0.5 உள்ள ஒரு சுப்பர்நோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளி புறப்பட்டதிலிருந்து கலக்சிகளுக்கு இடையிலான பெருந்தூரங்கள் 1.5 மடங்காகியுள்ளன என்பதே இதன் பொருள். தூரத்தைக் கணிக்க, ஒவ்வொரு செந்நகர்விலும் விரிவு வீதம் இன்றைய வீதத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது தெரிய வேண்டும். தட்டையான அகிலத்தில், செந்நகர்வுடன் 1 ஐக் கூட்டி மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, அதைப் பொருளின் பங்கால் பெருக்கி, கருஞ்சக்தியின் பங்கைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அந்த மடங்கு கிடைக்கும். பொருள் 0.3, கருஞ்சக்தி 0.7 எனில், செந்நகர்வு 0 இல் அது 1, 0.25 இல் 1.134, 0.5 இல் 1.309.

இவற்றின் தலைகீழ்கள் முறையே 1, 0.882, 0.764. சிம்சன் விதிப்படி முதலாவதையும், இரண்டாவதன் நான்கு மடங்கையும், மூன்றாவதையும் கூட்டி, 0.5 ஐ 6 ஆல் வகுத்ததால் பெருக்கினால் தொகையீடு 0.441 என வரும். ஒளியின் வேகத்தை இன்றைய விரிவு வீதமாகிய விரிவு மாறிலியால் வகுத்தால், அந்த மாறிலியை ஒரு மெகாபார்செக்கிற்கு (ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டு) செக்கனுக்கு 70 கிலோமீற்றர் என்று கொள்ளும்போது, 4283 மெகாபார்செக் கிடைக்கிறது. இரண்டையும் பெருக்கி, மேலும் 1.5 ஆல் பெருக்கினால் ஒளிர்வுத் தூரம் ஏறத்தாழ 2833 மெகாபார்செக். அதன் பத்தின் அடி மடக்கையை 5 ஆல் பெருக்கி 25 ஐக் கூட்டினால், தூரத்தை ஒளிர்வின் பருமன் அளவில் சொல்லும் தூர மட்டு 42.26.

இப்போது கருஞ்சக்தியே இல்லை, எல்லாம் பொருள்தான் என்று கொண்டு அதே கணக்கைச் செய்யுங்கள். தூரம் 2358 மெகாபார்செக், தூர மட்டு 41.86 என வரும். வேறுபாடு 0.4 பருமன் (பருமன் என்பது வானியலில் ஒளிர்வை அளக்கும் மடக்கை அலகு; மங்கலானதற்குப் பெறுமானம் கூடும்). அதாவது, கருஞ்சக்தி இருந்தால் அதே வெடிப்பு ஏறத்தாழ 30 சதவீதம் மங்கலாகத் தெரியும். 1998 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு இந்த மங்கலில்தான் இருக்கிறது. அன்றைய குழுவொன்று ஒப்பிட்டது பொருள் குறைந்த, கருஞ்சக்தி இல்லாத மாதிரியோடு என்பதால், அவர்கள் கண்ட தூர வேறுபாடு 10 முதல் 15 சதவீதமாக இருந்தது. இந்த ஒரு பக்கக் கணக்கைச் செய்து முடிப்பவர், பிறகு எந்த மென்பொருள் தரும் எண்ணையும் தன் கொப்பியோடு சரிபார்த்துக்கொள்ள முடியும். உங்கள் நிரல்வரிகள் 42.26 ஐத் தராவிட்டால், முதலில் மடக்கையைப் பாருங்கள்: பைதனில் வெறும் மடக்கைக் கட்டளை இயற்கை மடக்கையைத் தருவது, பத்தின் அடிக்குத் தனிக் கட்டளை உண்டு.

நான்காம் படி: உண்மைத் தரவைப் பொருத்துங்கள்

2022 இல் வெளியான பாந்தியன் பிளஸ் தொகுப்பில் 1550 சுப்பர்நோவாக்களின் 1701 ஒளிவளையிகள், அதாவது ஒளி காலத்தோடு கூடிக் குறைவதன் பதிவுகள், இருக்கின்றன. கிட்ஹப் தளத்தில் அதன் தரவுக் கோப்பும், பிழைகள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் இணைமாறல் தாயம் அடங்கிய கோப்பும் தனித்தனியே கிடைக்கும். முதலாவது மிகச் சிறியது. இரண்டாவதில் 1701 நிரைகளும் 1701 நிரல்களுமாக ஏறத்தாழ 29 இலட்சம் எண்கள் ஒரே நெடுவரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதல் வரியில் உள்ள 1701 என்ற எண் தாயத்தின் பருமனைக் குறிப்பது, அதைத் தரவோடு சேர்த்துவிடக் கூடாது. கணினியின் நினைவகத்தில் இது 23 மெகாபைட் அளவே பிடிக்கும் என்பதால் பழைய மடிக்கணினியும் தாங்கும்.

தரவுக் கோப்பில் பல நிரல்கள் இருந்தாலும் தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியவை இரண்டே: திருத்தப்பட்ட செந்நகர்வு, திருத்தப்பட்ட உச்சப் பருமன். செந்நகர்வு 0.01 இற்குக் குறைந்தவற்றை நீக்கிவிடுங்கள். கலக்சிகள் விரிவோடு சேராத சொந்த வேகமாக செக்கனுக்குச் சில நூறு கிலோமீற்றர் கொண்டிருக்கும், செந்நகர்வு 0.01 இல் விரிவு வேகமே 3000 கிலோமீற்றர்தான் என்பதால், அதற்கும் அருகில் இருப்பவற்றில் சொந்த வேகம் கணக்கைக் குழப்பிவிடும். நீக்கிய பிறகு 1590 ஒளிவளையிகள் மிஞ்ச வேண்டும். வேறு எண் வந்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள். தாயத்திலும் அதே நிரைகளையும் நிரல்களையும் நீக்க மறக்க வேண்டாம்.

பின்னர் பொருளின் பங்கை 0.1 இலிருந்து 0.6 வரை சிறு சிறு படிகளாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் மாதிரி தரும் பருமன்களை அளந்த பருமன்களிலிருந்து கழித்து, அந்த மீதிகளைத் தாயத்தின் நேர்மாறோடு இருபுறமும் பெருக்கி, பொருந்தாமையின் அளவான கை-வர்க்கப் பெறுமானத்தைக் காணுங்கள். அது எங்கே இழிவாகிறதோ அதுவே சிறந்த பொருத்தம். இழிவிலிருந்து 1 கூடும் இடங்கள் பிழை எல்லைகள். தொகுப்பை உருவாக்கிய குழு பெற்ற விடை 0.334, பிழை 0.018. உங்கள் விடை அந்த எல்லைக்குள் வந்தால், உலகின் முன்னணி ஆய்வுக் குழுவொன்றின் முடிவை உங்கள் வீட்டு மேசையில் மீளப் பெற்றுவிட்டீர்கள்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. தரவுக் கோப்பிலேயே ஒவ்வொரு சுப்பர்நோவாவுக்கும் ஒரு தனிப் பிழை தரப்பட்டிருக்கிறது. அதை மட்டும் வைத்துப் பொருத்தினால் வேலை இலகுவாக முடியும். ஆனால் அது வரைபு வரைவதற்கு மட்டுமே என்று கோப்பின் விளக்கக் குறிப்பு பெரிய எழுத்துகளில் எச்சரிக்கிறது. ஒரே கருவியால் அளக்கப்பட்ட சுப்பர்நோவாக்களின் பிழைகள் சேர்ந்தே மாறுகின்றன என்பதால், அவற்றைத் தனித்தனியாகக் கொண்டால் பிழை எல்லை உண்மையைவிடச் சுருங்கித் தோன்றும். இரண்டாவது, விரிவு மாறிலியை இந்தத் தரவால் மட்டும் அளக்க முடியாது. விளக்கின் உண்மை வலு தெரியாதபோது, அதைக் கூட்டுவதும் தூரங்கள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் மாற்றுவதும் ஒன்றே. ஆகவே ஒரு பொது மாறிலியைச் சுதந்திரமாக விட்டுப் பொருத்துங்கள். வளையியின் வடிவமே பொருளின் பங்கைச் சொல்லும்.

ஐந்தாம் படி: தூரத்தால் தீராததை வளர்ச்சியால் சோதியுங்கள்

மேலே செய்தது விரிவின் வரலாறு மட்டுமே. கருஞ்சக்தி உள்ள ஐன்ஸ்டைனின் அகிலமும், கருஞ்சக்தி இல்லாமல் ஈர்ப்பு விதி மாறிய அகிலமும் ஒரே தூர வளையியைத் தரலாம். அவற்றைப் பிரித்தறிய, கலக்சிகள் திரளும் வீதம் வேண்டும்.

அதற்கும் கையால் செய்யக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் பொருளின் பங்கு எவ்வளவோ அதை 0.55 என்ற அடுக்குக்கு உயர்த்தினால், பொதுச் சார்பியல் கூறும் வளர்ச்சி வீதம் மிக நெருக்கமாகக் கிடைக்கும். செந்நகர்வு 0.5 இல் பொருளின் பங்கு 0.59, ஆகவே வளர்ச்சி வீதம் 0.75. டுவாலி, கபடாட்சே, பொராட்டி ஆகியோர் 2000 இல் முன்வைத்த, ஈர்ப்பு மேலதிகப் பரிமாணத்துக்குள் கசிகிறது என்ற கொள்கையில் அந்த அடுக்கு ஏறத்தாழ 0.68, அதே இடத்தில் வளர்ச்சி வீதம் 0.70 ஆகிறது. ஏழு சதவீத வேறுபாடுதான்.

இந்த வீதத்தை எப்படி அளக்கிறார்கள்? கலக்சிகள் அடர்ந்த பகுதிகளை நோக்கி விழுந்துகொண்டிருக்கின்றன. அந்த விழும் வேகம் செந்நகர்வோடு சேர்ந்துவிடுவதால், செந்நகர்வைத் தூரமாக்கி வரையும் முப்பரிமாணப் படத்தில் திரள்கள் நம் பார்வைக் கோட்டின் திசையில் நசுங்கித் தெரிகின்றன. நிக் கைசர் 1987 இல் இதற்கான கணிதத்தைத் தந்தார். நசுங்கலின் அளவு வீழ்ச்சி வேகத்தையும், அது ஈர்ப்பின் வலுவையும் காட்டிக்கொடுக்கிறது. வளர்ச்சி வீதத்தையும் திரட்சியின் அளவையும் பெருக்கிய ஒரு எண்ணாக இதை வெளியிடுவார்கள். 2017 இல் பாஸ் என்ற கலக்சிக் கணக்கெடுப்பு செந்நகர்வு 0.51 இல் பெற்ற பெறுமானம் 0.458, பிழை 0.038. பொதுச் சார்பியலும், ஆதி அகிலத்தின் எஞ்சிய ஒளியை அளந்த பிளாங்க் செய்மதியின் தரவும் சேர்ந்து எதிர்பார்ப்பது ஏறத்தாழ 0.47. ஒத்துப்போகிறது, ஆனால் பிழையே எட்டுச் சதவீதமாக இருக்கும்போது, ஏழு சதவீத வேறுபாட்டை இந்த ஓர் அளவீடு தனியே தீர்மானிக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல செந்நகர்வுகளில் பல அளவீடுகளைச் சேர்க்க வேண்டியிருப்பதும், டெசி போன்ற பெரிய கணக்கெடுப்புகள் தேவைப்படுவதும் இதனால்தான்.

ஆறாம் படி: ஒளியையும் சாட்சிக்கு அழையுங்கள்

பொதுச் சார்பியலில் ஈர்ப்புக்கு இரண்டு முகங்கள் உண்டு: காலத்தைத் திரிப்பது, வெளியைத் திரிப்பது. மெதுவாக நகரும் கலக்சிகள் முதலாவதை மட்டுமே உணர்கின்றன; ஒளி இரண்டையும் உணர்கிறது. சூரியனருகே ஒளி வளைவது நியூட்டன் வழிக் கணக்கைப் போல் இருமடங்காக இருப்பதும், 1919 சூரிய கிரகணத்தின்போது எடிங்டன் குழுவினர் அதைத் தேடிச் சென்றதும் இதனால்தான். அகில அளவில், இரண்டு முகங்களும் சமமென்கிறது ஐன்ஸ்டைனின் கொள்கை. மாற்றுக் கொள்கைகள் பலவற்றில் அவை சமமல்ல. ஆகவே ஒரே கலக்சித் தொகுதியைச் சுற்றி ஒளி வளையும் அளவையும் கலக்சிகள் விழும் வேகத்தையும் ஒப்பிட்டால், அங்கே கரும்பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்று தெரியாமலே ஈர்ப்பைச் சோதிக்கலாம். 2010 இல் 70,000 இற்கும் மேற்பட்ட கலக்சிகளைக் கொண்டு செய்யப்பட்ட அத்தகைய சோதனையில் கிடைத்த விகிதம் 0.39, பிழை 0.06, எதிர்பார்த்தது ஏறத்தாழ 0.4. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இன்னொரு சோதனையை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். 2017 ஓகஸ்ட் 17 அன்று இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை வந்து 1.7 செக்கனில் காமாக் கதிர் வந்தது. இரண்டும் பயணித்த காலம் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள். அதைச் செக்கன்களாக்கி, 1.7 ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து எவ்வளவு சிறிதாகவே விலக முடியும் என்பது கிடைக்கும் எண்ணிலிருந்து புரியும். விரிவின் ஆர்முடுகலை விளக்க முன்வைக்கப்பட்ட மாற்று ஈர்ப்புக் கொள்கைகளில் ஒரு பெரும் பகுதி அந்த 1.7 செக்கனால் கைவிடப்பட்டது.

ஏழாம் படி: செய்திகளை அளவோடு வாசியுங்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில் 4 மீற்றர் தொலைகாட்டியில் 5000 ஒளியிழைகளைப் பொருத்தி இயங்கும் டெசி கணக்கெடுப்பு, 2025 மார்ச்சில் 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட கலக்சிகளையும் குவாசர்களையும் கொண்ட முடிவை வெளியிட்டது. கருஞ்சக்தி மாறிலியாக இல்லாமல் காலத்தோடு மாறக்கூடும் என்ற சாய்வு, எந்தச் சுப்பர்நோவாத் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 2.8 முதல் 4.2 நியம விலகல் வரை காணப்பட்டது. தொகுப்பு மாறும்போது இவ்வளவு மாறும் ஒரு முடிவைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது. வழக்கமான எல்லை 5. திரட்சியின் அளவு பற்றிய முரண்பாடு நமக்கு அண்மையில் கிடைத்த நல்ல பாடம்: ஒளி வளைவைக் கொண்டு அளந்த கிட்ஸ் கணக்கெடுப்பு முன்னர் 0.76 என்றது, பிளாங்க் 0.83 என்றது, பலர் புதிய பௌதிகம் என்று எழுதினார்கள். 2025 இல் கிட்ஸின் முழுத் தரவு 0.815 என்று வந்தபோது முரண்பாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. விரிவு மாறிலி பற்றிய முரண்பாடு அப்படி மறையவில்லை. தூர ஏணியும் சுப்பர்நோவாக்களும் தந்த 73.04 உம் அதன் பிழை 1.04 உம் ஒரு பக்கம், பிளாங்க் தந்த 67.4 உம் அதன் பிழை 0.5 உம் மறுபக்கம். வேறுபாட்டைப் பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையின் மூலத்தால் வகுத்து, இரண்டும் எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கின்றன என்பதை நீங்களே காணுங்கள்.

நான்காம் படியைத் திருத்தமாக முடித்தவர்களுக்கு அடுத்த வேலை தயாராக இருக்கிறது. டெசியின் 2025 தூர முடிவுகள் 13 எண்களாகவே சுருக்கப்பட்டுள்ளன. ஆதி அகிலத்தில் ஒலியலைகள் விட்டுச் சென்ற, ஏறத்தாழ 147 மெகாபார்செக் நீளமான அடையாளத்தை அளவுகோலாகக் கொண்டு அளந்த தூரங்கள் அவை. அவற்றையும் உங்கள் சுப்பர்நோவாப் பொருத்தத்தோடு சேர்த்து, கருஞ்சக்தியின் அமுக்கத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை −1 இல் பூட்டி வைக்காமல் சுதந்திரமாக விடுங்கள். இருவர் தனித்தனியே நிரல் எழுதி, விடைகளை ஒரே நாளில் ஒப்பிடுவது மிகவும் பயனுள்ளது. வெளியான விடையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் எண்ணையும் பிழையையும் கொப்பியில் திகதியிட்டு எழுதிவிடுங்கள். விடை தெரிந்த பின் திருத்தப்படும் நிரல் தெரிந்த விடையை நோக்கியே சாயும் என்பதால், பெரிய குழுக்களும் இதற்காகத் தங்கள் முடிவுகளைத் தங்களிடமிருந்தே மறைத்துவைத்து, எல்லாச் சரிபார்ப்பும் முடிந்த பின்னரே திறக்கின்றன.